கால் அங்குலம் குறைந்த மீன்

அன்புள்ள மகனே,

உனக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அதற்குக் காரணமும் நான்தான். இந்த ஊரில் மற்ற பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளியில் உட்கார்ந்து அ, ஆ எழுதிக்கொண்டிருந்தபோது நான் உன்னை ஏரிக்குக் கூட்டிப் போய்விட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தை உனக்கு வாசித்துக் காட்டப்போவது தர்ஷினி. யாழ்ப்பாணத்தில் எட்டாவது வரை படித்தவள், என் தமிழில் பிழை இருந்தால்கூடக் கண்டுபிடிப்பாள். கல்யாணமாகி ஐந்து மாதம்கூட ஆகாத பெண்ணிடம் மாமனார் தன் அழுக்கு மூட்டையைக் கொடுத்து, பிரித்துக் காட்டம்மா என்று சொல்வது நியாயமில்லைதான். ஆங்கிலத்தில் எழுதிவிடலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே ஆபீஸ் மெயில் வாசனை அடித்தது. வருஷக்கணக்காக ‘ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்’ என்று எழுதிப் பழகிய ஆள் நான். அந்த மொழியில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் எனக்கே நம்பிக்கை வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதும் பொய். வலது கை இன்னும் கழுத்துப் பட்டையில் தொங்குகிறது. இடது கை ஆள்காட்டி விரலால் ஐபேடில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் அம்மா இரண்டு தடவை காபி கொண்டுவந்துவிட்டாள்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, கண்ணா. ஆகஸ்ட் கடைசியில் படகை ஏற்றும் சரிவில் பாசி வழுக்கி விழுந்ததால் வந்த களைப்பு மட்டும் இல்லை இது. அது தோள்பட்டையோடு போய்விடும். இது வேறு. அன்று நம் மீன்பிடி கிளப்பின் தலைவர் வால்டர் உனக்குப் போன் செய்ததும், நியூவார்க்கிலிருந்து அடுத்த ஃபிளைட்டைப் பிடித்து வந்து இறங்கினாய். வால்டரிடம் உன் நம்பர் எப்படி இருந்தது என்று வலியில் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. ஐந்து நாள் கூடவே இருந்தாய். எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாய். நான்காம் நாள், “அப்பா, போட்டை செல் பண்ணிடலாம். இனஃப்,” என்று சொல்லிவிட்டு கராஜுக்குள் போய்ப் படகைக் காலி செய்ய ஆரம்பித்தாய். நான் கதவு இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லைஃப் ஜாக்கெட், கயிறு, துடுப்பு, பேட்டரி என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினாய். கடைசியில் முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு பலகையை எடுத்தாய். அம்மாவின் தையல் டேப்பை ஒட்டி, மீனை அளக்க நான் செய்த அளவுப் பலகை. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். பிறகு சட்டை ஓரத்தால் தூசியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டாய். மற்ற சாமானெல்லாம் சுவரோரம், அது மட்டும் படகுக்குள். ஒன்பது வருடமாக நாம் இருவரும் அந்தப் பலகையைப் பற்றிப் பேசாமல் சாமர்த்தியமாக ஓட்டிவிட்டோம். இனி பேசாமல் இருக்க எனக்குத் தெம்பில்லை.

தர்ஷினி, இந்த இடத்தில் உனக்காக ஒரு விளக்கம். இந்த நாட்டில் பாஸ் என்று ஒரு ஏரி மீன் உண்டு. வாய் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. அதைப் பிடிக்கப் போட்டி வைப்பார்கள். விடியும் நேரத்தில் எல்லாரும் படகோடு கரையில் கூடுவார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி ஏசுவை வேண்டிக்கொள்வார். நானும் தொப்பியைக் கழற்றி முருகனை வேண்டிக்கொள்வேன். ஒரு படகில் இரண்டு பேர். மூன்று மணிக்குள் திரும்பி வந்து, அன்று பிடித்ததில் நல்லதாக ஐந்து மீனை உயிரோடு தராசில் வைக்க வேண்டும். யாருடைய ஐந்து அதிக எடையோ அவர்களுக்கு வெற்றி. எடை போட்டதும் எல்லாவற்றையும் ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். வாணியம்பாடியில் இருக்கும் என் அண்ணனிடம் இதைப் போனில் விளக்கியபோது, “அப்புறம் எதுக்குடா புடிக்கிறீங்க?” என்று கேட்டார். பதினான்கு அங்குலத்துக்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இது கிளப்பின் விதி மட்டுமில்லை, அரசாங்கத்தின் விதியும்கூட. நான் சொல்ல வந்தது அந்தப் பதினான்கு அங்குலத்தைப் பற்றித்தான்.

நம் படகை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பதினான்கு அடி அலுமினியம், தட்டையான அடிப்பகுதி, பதினைந்து குதிரைச் சக்தி மோட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஃபுளோரிடாவுக்குக் குடிபோகும்போது நம் தலையில் கட்டிவிட்டுப் போனது. தெருவிலிருந்து படகு கண்ணில் படக் கூடாது என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்ததால் அதை கராஜுக்குள் தள்ளினோம், அம்மாவின் கார் வெளியே போனது. “அண்டாவுக்கு நிழல், எனக்கு வெயிலா?” என்று அம்மா கேட்டாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அதன் பெயர் அண்டாதான். போட்டிக்கு வரும் மற்றப் படகுகளெல்லாம் மினுமினுக்கிற ஃபைபர், இருநூற்றைம்பது குதிரை. அவர்கள் பத்து நிமிடத்தில் ஏரியின் மறுகோடிக்குப் போய்விடுவார்கள். நமக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவர்கள் கிளப்பிவிட்ட அலை நம் அண்டாவைப் படபடவென்று தட்டும், நீச்சல் தெரியாத நான் பக்கத் தகட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அதனால் நாம் தூரம் போனதே இல்லை. கரைப்பக்கமாகவே, எல்லாரும் சலித்துப் போட்ட தண்ணீரில், கரையோர வீடுகளின் படகுத்துறைகளுக்கு அடியில் தூண்டில் போடுவோம். நீ தண்ணீரை ஒட்டித் தூண்டிலை வீசி, அந்தத் துறையின் கடைசி இருட்டு வரைக்கும் தவளைக் கல் மாதிரி தத்தவிடுவாய். பெரிய படகுக்காரர்கள் வேகத்தைக் குறைத்து நின்று பார்த்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை. பாராட்டினால் பிள்ளை கெட்டுப்போவான் என்று நினைக்கிற கூட்டத்தில் வளர்ந்தவன் நான்.

எனக்கு மீன் முக்கியமில்லை, அது உனக்கும் தெரியும். நீ இங்கே பிறந்த மறு வருடமே எனக்கு வேலை போய் ஊருக்குத் திரும்பினோம். உன் ஐந்தாவது வயதில் மறுபடி வந்து, கிரீன் கார்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். உனக்கு இருபது வயதானபோதும் அந்த வரிசை நகர்ந்தபாடில்லை. மூன்று வருடத்துக்கு ஒரு முறை விசா நீட்டிப்பு, ஒவ்வொரு முறையும் ஒரு மூட்டைக் காகிதம். டிராஃபிக் டிக்கெட் வாங்கினால்கூட ஃபைலில் ஏறிவிடுமோ என்று பயந்து, ஃப்ரீவேயில் எல்லாரும் ஹாரன் அடிக்கிற வேகத்தில் ஓட்டியவன் நான். வாரம் முழுக்க யாருக்கோ கீழே, எதற்கோ காத்துக்கொண்டு. சனிக்கிழமை மட்டும் ஏரிக்கரையில் ஒரு வெள்ளைப் பலகையில் மார்க்கரால் என் பெயரை எழுதுவார்கள், பக்கத்தில் உன் பெயரை எழுதுவார்கள். அதைப் பார்க்கத்தான் போனேன்.

நான் சொல்ல வந்த அந்த நாள், ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசி சனிக்கிழமை. அம்மா வாசலில் நின்று, “பெருமாள் நாளும் அதுவுமா உயிரைப் புடிச்சு ஆட்டிட்டு வரணுமா? அடுத்த வாரம் போனா ஏரி வத்திடுமா?” என்று கேட்டாள். “சாப்பிடவா போறோம்? தொட்டுட்டு விட்டுடப் போறோம்,” என்றேன். நீ கல்லூரி பாஸ் டீமில் சேர முயற்சி செய்துகொண்டிருந்த நேரம் அது. அவர்களுக்கு நம் கிளப் தலைவர் வால்டரின் ஒரு கடிதம் வேண்டியிருந்தது. அன்று போட்டியில் மேலே வந்தால் அவருக்கு எழுத ஒரு காரணம் கிடைக்கும் என்று நீ சொன்னாய். மதியத்துக்குள் நான்கு மீன் பிடித்தாய், நான்கும் கொழுத்தவை. நான் ஒரு மரக்கிளையைப் பிடித்தேன். ஒன்றே முக்காலுக்கு ஐந்தாவது மீன் உன் தூண்டிலில் விழுந்தது. பலகையில் வைத்துப் பார்த்தாய். “அப்பா, இட்ஸ் ஷார்ட். கால் இன்ச். லெட் இட் கோ,” என்றாய். நான் அதை வாங்கினேன். வாலை அமுக்கிப் பார்த்தேன், அப்போதும் குறைந்தது. பிறகு மீனின் வாயைப் பலகை முனையில் இருக்கும் தடுப்புக் கட்டையில் முட்டவிடாமல், ஒரு விரல் அகலம் தள்ளி வைத்து, “பாரு, பதினாலு,” என்றேன். நீ பலகையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாய். “அப்பா, நோ. ப்ளீஸ்,” என்றாய். “பேசாம இருடா. அஞ்சாவது இல்லாம போனா யாரு நம்மள மதிப்பான்? உனக்காகத்தான்டா,” என்று சொல்லி அதைப் படகின் தண்ணீர்த் தொட்டியில் போட்டு மூடினேன். உனக்காகத்தான் என்று சொன்னேனே, அதுவும் ஒரு விரல் அகலம் தள்ளி வைத்து அளந்ததுதான்.

தராசடியில் நடந்ததை நான் எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? வால்டர் நம் மீன் பையைத் திறந்தார். நான்கு மீனைப் பார்த்துவிட்டு உன் தோளில் தட்டினார். ஐந்தாவதைக் கையில் எடுத்ததும் அவர் புருவம் சுருங்கியது. தன் பலகையில் வைத்தார், மறுபடி வைத்தார். கால் அங்குலம் குறைவு. பின்னால் முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தெரியாமல் கொண்டுவந்தால் அபராத எடை கழிப்பார்கள், தெரிந்தே கொண்டுவந்தால் தகுதி நீக்கம். மீன் போட்டியில் ஏமாற்றினால் அதற்கு இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது, விளையாட்டில்லை என்று வால்டர் நிதானமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு காகிதத்தை அட்டையில் செருகினார். யார் இதை அளந்தது என்று கேட்டார். சட்டம் என்ற வார்த்தையும் காகிதமும் ஒன்றாகக் கண்ணில் பட்டதும் எனக்குள் வரிசையும் ஃபைலும் வழக்கறிஞரும் விமான நிலையத்துக் கண்ணாடி அறையும் ஒரே நொடியில் வந்து போயின. நான் விசாக்காரன், நீ இங்கே பிறந்தவன். உன்னை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது. அந்த ஒரு நொடியில் இதையெல்லாம் கூட்டிக் கழித்துவிட்டு, “மை சன் மெஷர்ட் இட்,” என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இன்று இத்தனை கஷ்டம் இல்லை. இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாய். பிறகு வால்டரிடம், “யெஸ் சார். ஐ டிட்,” என்றாய். காகிதத்தில் கையெழுத்துப் போட்டாய். அன்றைய மீனெல்லாம் போயிற்று, உனக்கு ஒரு வருடத் தடை. உன் பார்ட்னரான எனக்கு ஒன்றுமில்லை. வரும் வழியில் ஒன்றரை மணி நேரம் படகு பின்னால் கடகடத்துக்கொண்டே வந்தது. வீட்டை நெருங்கி பேர்லேண்ட் வரும்போது, “உனக்கு ஒண்ணும் ஆகாதுடா. நீ சிட்டிசன்,” என்றேன். “ஐ நோ, அப்பா,” என்றாய். அம்மா கதவைத் திறந்து, “இன்னைக்காவது ஜெயிச்சீங்களா?” என்று கேட்டாள். நீ இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். அந்தக் காகிதம் கிளப்பின் சாதாரணக் காகிதம், வால்டரின் டிரக்கில் ஒரு பெட்டியைத் தாண்டி எங்கேயும் போகாது என்று எனக்கு அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தில் சொன்னதை மன்னிக்கலாம் என்று வை. பயம் போன பிறகும் சொல்லாமல் இருந்ததற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

கல்லூரி டீமிலிருந்து உன்னைக் கூப்பிடவில்லை. நீ தூண்டில்களைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்துவிட்டாய். படிப்பு அதிகம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, வேறு யாரையாவது முன்சீட்டில் உட்கார வைத்து ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் உனக்கு இருபத்தொன்று முடிந்தது. பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்டு மனுப் போடும் வயது. நான் கேட்கவே இல்லை. நீயே ஒரு நாள் வந்து, “ஃபார்ம் ரெடி. ஐல் சைன்,” என்றாய். வழக்கறிஞர் ஆபீஸில் நீ கையெழுத்துப் போடும்போது நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருடம் நான் நின்ற வரிசையை உன் ஒரு கையெழுத்து ஓரமாகத் தள்ளிவிட்டது. எந்தக் கார்டுக்காகப் பயந்து உன்னைப் பிடித்துத் தள்ளினேனோ, அந்தக் கார்டை நீதான் என் கையில் கொண்டுவந்து கொடுத்தாய். பிறகு குடியுரிமைப் பேட்டியில் அதிகாரி அம்மாள், பிடிபடாத குற்றம் ஏதாவது செய்திருக்கிறாயா என்று படிவத்தில் இருந்ததைப் படித்துக் கேட்டார். எனக்கு மீன் ஞாபகம் வந்தது. இல்லை என்றேன்.

போன சனிக்கிழமை அம்மாவைக் காரை ஓட்டச் சொல்லி ஏரிக்குப் போனேன். மெம்பர் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் காரிலேயே உட்கார்ந்து சகஸ்ரநாமம் கேட்டுக்கொண்டிருந்தாள், மறுபடியும் புரட்டாசி இல்லையா. வால்டருக்கு எழுபது தாண்டிவிட்டது. பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இன்னும் அதே தராசு, அதே தொப்பி. நான் விழுந்த அன்று முழங்கால் தண்ணீரில் இறங்கி என்னைத் தூக்கியவர் அவர்தான். எடை போடும் வேலைக்கு நடுவில் அவரிடம் போய், அந்த மீனை அளந்தது நான், என் மகன் இல்லை என்று சொன்னேன். எந்த மீன் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். “அடுத்த சனிக்கிழமை உன் பையன் தனியா வந்தான். அவன்கிட்ட, நீ அளக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே உன் டீமுக்கு லெட்டர் எழுதறேன்னு சொன்னேன். ‘சைன் பண்ணிட்டேன் சார்’னான், அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு விஷயம் கேட்டான். எங்கப்பாவைக் கிளப்பை விட்டு எடுத்துடாதீங்க, அவருக்கு வாரத்துல இருக்கிறது இந்த ஒரு நாள்தான்னான். அவருக்கு நீச்சல் தெரியாது, தண்ணியில எதுன்னாலும் எனக்குப் போன் பண்ணுங்கன்னு நம்பர் எழுதிக் குடுத்தான். நம்பர் மாறும்போதெல்லாம் புது நம்பர் அனுப்பிடுவான்.”

நான் பக்கத்தில் இருந்த ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருடமாக நான் என்னவோ என் சாமர்த்தியத்தில் அந்தக் கரையில் நின்றுகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு அந்த டீம் கிடைத்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை எனக்காக விழுங்கிவிட்டு, நான் முழுகிவிடக் கூடாது என்று நம்பரும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது. முப்பது பேர் முன்னால், மீன் நாற்றத்தில், ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். பிறகு வால்டர் டிரக்கிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். உன் காகிதம் மஞ்சள் ஏறி அப்படியே இருந்தது. உன் பெயரை அடித்துவிட்டு அதன் கீழே இடது கையால் என் பெயரை எழுதினேன், ஒன்றாம் வகுப்புப் பையன் எழுதியது மாதிரி வந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி மைக்கில் சொல்லச் சொன்னேன். அவசியமா என்று கேட்டார். அவசியம் என்றேன். சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு நீ யார் என்றே தெரியாது. ஒருவர் இருமினார். அடுத்த பை தராசுக்கு வந்தது. எனக்கு இன்றிலிருந்து ஒரு வருடத் தடை என்று சொல்லி வால்டர் கை கொடுத்தார், இடது கையைத்தான்.

திரும்பி வரும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெடுஞ்சாலையிலிருந்து நம் எக்ஸிட்டில் காரை இறக்கினாள். பிறகு, “ரெண்டு மாசம் புள்ளை சரியா சாப்பிடலை. நான் ஏதோ லவ் பெயிலியர்னு நெனச்சுக்கிட்டு இங்க இருக்கிற மீனாட்சி கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு கற்பூரத்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்க,” என்றாள். உண்மைதான், ஒற்றிக்கொண்டேன். அன்று முதல் அவள் என்னோடு பேசுவது காபி வேண்டுமா, மாத்திரை போட்டீர்களா என்ற அளவில்தான். தகுதியான தண்டனை, நான் குறை சொல்லவில்லை.

புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கிறாய், அப்பா என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டும். பொறுமை, விட்டுக்கொடுத்தல் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அதெல்லாம் உனக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது நேர் எதிர். செய்யாத தப்பை ஏற்றுக்கொள்ளாதே. தர்ஷினிக்காகவும் வேண்டாம், எனக்காகவும் வேண்டாம், நாளை பிறக்கப்போகும் பிள்ளைக்காகவும் வேண்டாம். காரைக் கீறியது யார், கேஸ் அடுப்பை அணைக்காமல் போனது யார் என்று வீட்டில் தினம் ஒரு கேள்வி வரும். நீ பேசாமல் தலையைக் குனிந்துகொள்வாய், எனக்குத் தெரியும். பார்க்கிறவர்கள் தங்கமான பிள்ளை என்பார்கள். அந்தத் தங்கத்தை ஒன்பது வருடம் உட்கார்ந்து தின்றவன் சொல்கிறேன், அது இரண்டு பேரையும் கெடுக்கிறது. ஏற்றுக்கொண்டவனுக்குப் பேச்சு நின்றுபோகிறது. தப்பித்துக்கொண்டவன் நிம்மதியாகத் தூங்குவதாக நினைத்துக்கொண்டே கிழவனாகிறான். நீ அன்று வால்டரிடம், இல்லை சார், எங்கப்பாதான் அளந்தார் என்று சொல்லியிருந்தால் நான் உன்னிடம் ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன். ஆனால் பத்தாம் நாள் நாம் மறுபடி அந்த அண்டாவில் உட்கார்ந்திருப்போம். அதைத்தான் இழந்தேன், வேறெதையும் இல்லை.

படகின் பேப்பரை உன் பெயருக்கு மாற்றிவிட்டேன். விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். நீ விற்றாலும் எனக்கு வருத்தமில்லை, இறக்கி ஏற்ற என் தோளில் இனி வலு இல்லை. நீ சுவரோரம் அடுக்கிய சாமானை நான் தொடவில்லை. பலகையும் நீ வைத்த இடத்திலேயேதான் இருக்கிறது.

தர்ஷினி, கடைசியாக உன்னிடம் ஓர் உதவி. இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்து, அந்த மீனை அளந்தது உன் அப்பாதான், நீயில்லை என்று நீ ஒரு முறை சொல்ல வேண்டும். இப்படி எழுதி முடித்திருந்தேன். அம்மா மாத்திரை கொண்டுவந்தவள் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்தாள். படித்துவிட்டு, “மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? உங்க வாயில வர வேண்டியதை இப்ப அந்தப் பொண்ணு வாயில வைக்கிறீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

அவள் சொல்வது சரி. தர்ஷினி, நீ சொல்ல வேண்டாம்மா, அந்த வரியை விட்டுவிடு. மகனே, ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் நேரம் பத்து மணிக்குப் போன் செய்கிறேன். எடு. எடுத்துவிட்டு, “இட்ஸ் ஓகே, அப்பா,” என்று ஆரம்பித்துவிடாதே. நான் முழுக்கச் சொல்லி முடிக்கும் வரை சும்மா இரு.

உன் அப்பா